கடைக் கணக்கு பேக்கப்: டெல்டா வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் உரக்கடை, ரைஸ்மில், அடகுக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகும் இடத்தில் பேக்கப் பற்றி, அதாவது கணக்குக்கு எடுத்துவைக்கும் மறுபிரதி பற்றி, என்னிடம் கேட்பவை இவை. பெரும்பாலும் டேலியில் கணக்கு வைப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருள் என்றாலும் விஷயம் ஒன்றுதான்.

சின்னக் கடைதான் வைத்திருக்கிறேன். பேக்கப் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

பெரிய கம்பெனி ஒரு டீலருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பினால் டீலரிடமும் அதே பில் இருக்கும், லாரி ஆபீஸில் ஒரு நகல் இருக்கும், பேங்கில் ஒரு தடயம் இருக்கும். ஒரு பக்கம் அழிந்தாலும் மறுபக்கத்தை வைத்துக் கணக்கைத் திரும்பக் கட்டிவிடலாம். உங்கள் கடன் அப்படிப்பட்டதல்ல.

ஒரு உரக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா நடவுக்குப் புரட்டாசியில் நாலு மூட்டை டிஏபி போகிறது. ஐப்பசியில் யூரியாவும் பொட்டாஷும். கார்த்திகையில் இலைச்சுருட்டுப் புழு என்று மருந்து. பணம் வருவது தை, மாசியில். அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, அந்தத் தொகை பேங்கில் ஏறிய பிறகு. நடுவில் ஒரு தடவை அண்ணன் வந்து வாங்குகிறார், ஒரு தடவை தம்பி, ஒரு தடவை டிராக்டர் ஓட்டும் பையனிடம் "எழுதிக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வாங்கியவர் நாணயமானவர்தான். ஆனால் மொத்தம் எத்தனை மூட்டை என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. அந்தக் கணக்கு இருப்பது ஒரே இடத்தில்: உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கும் சிபியுவில். சரக்கு நனைந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதே தெரியாமல் போனால் யாரிடம் போய் என்ன கேட்பது?

வருஷத்தில் எந்த மாதம் ரொம்பக் கவனமாக இருக்கணும்?

வேறு ஊராக இருந்தால் எல்லா மாதமும் என்று சொல்லிவிடலாம். டெல்டாவுக்கு மாதத்தையே சொல்லலாம். 2008இல் நிஷா வந்தது நவம்பரில். 2018இல் கஜா, நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. 2020இல் நவம்பர் கடைசி வாரத்தில் நிவர், டிசம்பர் தொடக்கத்தில் புரெவி மழை. எல்லாமே ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான்.

இப்போது மேலே சொன்ன உரக்கடைப் பாக்கியை மறுபடி பாருங்கள். கொடுத்ததெல்லாம் வெளியே நிற்பதும் ஒரு பைசா திரும்பி வராததும் இதே மாதங்களில்தான். அடகுக்கடையிலும் இதே கதை: நடவுச் செலவுக்கு நகை உள்ளே வரும், அறுவடைக்குப் பிறகுதான் திரும்பிப் போகும். மாசிக் கடைசியில் கம்ப்யூட்டர் எரிந்தால் பாதிப் பாக்கியாவது வசூலாகியிருக்கும். கார்த்திகையில் எரிந்தால் மொத்தமும் போச்சு. நம் ஊரில் கடன் நோட்டு கனமாவதும் வானம் கறுப்பதும் ஒரே நேரத்தில்தான்.

அதனால் என் கணக்கு இது: புரட்டாசி முடிவதற்குள் ஏற்பாட்டை எல்லாம் சரிபார்த்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்ததிலிருந்து பொங்கல் வரை ஒரு நாள்கூட விடக்கூடாது. சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை எடுத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆடியில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடும் வருஷங்களில், கரையோரக் கடைக்காரர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாம்தான் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறதே? உரக்கடை பிஓஎஸ் மெஷினிலும் விற்பனை ஏறிவிடுகிறதே?

போர்ட்டலுக்குத் தெரிந்தது அரசுக்கு வேண்டிய கணக்கு மட்டும். பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்ட பில் தனித்தனியாக ஏறும். பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு, அதாவது உங்களிடம் வாங்கும் விவசாயிக்கும் குடும்பஸ்தருக்கும் போட்ட சில்லறை பில்கள், வரி விகிதப்படி கூட்டி ஒரே தொகையாகத்தான் ரிட்டர்னில் போகின்றன. அதிலிருந்து யார் பாக்கி என்று பிரித்தெடுக்க வழியே கிடையாது.

பிஓஎஸ் மெஷின் ஆதாரை வைத்து எந்த விவசாயிக்கு எத்தனை மூட்டை மானிய உரம் போனது என்பதை மத்திய சர்வருக்கு அனுப்புகிறது. அது மூட்டைக் கணக்கு. பணம் கொடுத்தாரா, பாதி கொடுத்தாரா, பழைய பாக்கியில் கழித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. பூச்சிமருந்தும் விதையும் அந்தக் கணக்கில் வராது.

தினமும் பென் டிரைவில் எடுத்துவிடுகிறேன். போதாதா?

அந்தப் பென் டிரைவ் இப்போது எங்கே இருக்கிறது? பெரும்பாலான கடைகளில் இதற்குப் பதில், "அதோ, அதிலேயே செருகித்தான் இருக்கு." சிபியுவின் முதுகில், பிள்ளையார் படம் போட்ட சாவிக்கொத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். போன கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறி மதர்போர்டு அடிபட்டால் பென் டிரைவும் சேர்ந்து போகலாம். திருடன் சிபியுவைத் தூக்கினால் அதுவும் கூடப் போகும். வைரஸ் வந்தால் இரண்டிலும் ஏறும். செருகியே இருக்கும் பிரதியைப் பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை.

இரண்டு வாங்குங்கள். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. எடுத்து முடித்ததும் பிடுங்கி, ஒன்று முதலாளி பையில், மற்றது வேறு இடத்தில். பென் டிரைவைவிட வெளி ஹார்ட் டிஸ்க் நம்பகமானது. நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்கு எதுவாக இருந்தாலும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனால் மாதக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டுவைக்க அது ஏற்றதல்ல.

கூகுள் டிரைவில் தானாகவே ஏறுகிற மாதிரி பையன் செட் செய்து கொடுத்திருக்கிறான். அப்புறம் என்ன?

பையன் செய்தது நல்ல வேலைதான், பாதி வேலை. தானாக ஏறுவது என்றால் இங்கே இருப்பது அப்படியே அங்கேயும் இருக்கும் என்று பொருள். இங்கே ஃபைல் கெட்டால் கெட்டதும் அங்கே ஏறும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டிக்குப் போனது 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். இலவசக் கணக்கில் மொத்த இடம் 15 ஜிபி. ஜிமெயிலும் போட்டோவும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. பேத்தி காதுகுத்து வீடியோவில் இடம் நிரம்பி, கடைக் கணக்கு ஏறுவது நின்றுபோய், அதைச் சொல்லும் அறிவிப்பை யாரும் படிக்காமலே மாதங்கள் ஓடிவிடும்.

இன்னொன்று. டேலியின் டேட்டா ஃபோல்டரையே, அந்த எண் பெயர் போட்ட கம்பெனி ஃபோல்டரையே, டிரைவுக்குள் வைத்து வேலை செய்யாதீர்கள். நீங்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது பாதி ஃபைலை மேலே தூக்கும், பாதியை விட்டுவிடும். டேலியிலேயே ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப் கொடுத்து, வரும் ஃபைலைத் தேதி போட்ட ஃபோல்டரில் சேருங்கள். அந்த ஃபோல்டர் கிளவுடில், அதாவது கூகுள் டிரைவ் போன்ற இணைய இடத்தில், ஏறட்டும். ஒரே பெயரில் மேலேயே எழுதிக்கொண்டு போனால் நேற்றைய நல்ல பிரதியை இன்றைய கெட்ட பிரதி தின்றுவிடும்.

அப்படியென்றால் கிளவுட் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?

கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் இருந்த யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் டவர்கள் செத்துக்கிடந்தன. கணக்கு சிங்கப்பூர் சர்வரில் பத்திரமாக இருந்தாலும் அதைப் பார்க்க வழியில்லை. கடையைத் திறந்ததும் முதலில் வேண்டியிருப்பதும் அந்தக் கணக்குதான்: மில்லுக்காரர் தவிட்டுக்குப் பணம் கேட்கிறார், டீலர் செக் தேதியைக் கேட்கிறார், விவசாயி "என் பாக்கி என்ன ஆச்சு" என்று நிற்கிறார்.

அதற்கு நான் சொல்லும் வழி பழைய வழிதான். ஐப்பசி முதல் மார்கழி வரை வாரம் ஒருமுறை பாக்கிப் பட்டியலை மட்டும் காகிதத்தில் பிரிண்ட் எடுங்கள். பெயர், ஊர், தொகை, கடைசியாக வாங்கிய தேதி, அவ்வளவு போதும். பத்துப் பதினைந்து பக்கம் வரும். இரட்டை பாலிதீன் உறையில் போட்டு வீட்டில் பரணில் வையுங்கள். நீள நோட்டில் பேரேடு எழுதிய தாத்தாக்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கரண்ட் இல்லாத பத்து நாள் கடையை நடத்த அந்தக் காகிதம் போதும். அதோடு சார்ஜ் ஏற்றிய ஒரு பழைய லேப்டாப்பில் டேலியும், கையில் அந்த வார ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், கார் பேட்டரியில் சார்ஜ் போட்டுக்கொண்டுகூட வேலையைத் தொடங்கலாம்.

கீழே கடை, மாடியில் வீடு. மாடியில் வைத்தால் ஆகாதா?

வெள்ளத்துக்கு ஆகும், தீக்கு ஆகாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் ஊரில் ஓவிஎச் என்ற பெரிய நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்துபோனது. பேக்கப்புக்குக் காசு கட்டியிருந்த சிலருக்கும் எதுவும் மிஞ்சவில்லை, காரணம் அசலும் பிரதியும் ஒரே வளாகத்தில் இருந்தன. அவர்களுக்கே அந்தக் கதி.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியூரில் என்று இந்தத் தொழிலில் ஒரு பழைய வழக்கு உண்டு. வெளியூர் என்றால் கும்பகோணத்துக் கடைக்குப் பாபநாசம் வெளியூர் அல்ல. ஒரே புயல், ஒரே ஆறு. திருச்சியில் படிக்கும் மகளிடம், சென்னையில் இருக்கும் மச்சானிடம் மாதம் ஒரு ஹார்ட் டிஸ்க் போய்த் திரும்புவது நல்ல ஏற்பாடு. அவரிடம் கொடுக்கும்போது மட்டும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள். மச்சான் நல்லவர்தான், ஆனால் பஸ்ஸில் பை தவறினால் யார் கையில் போகும் என்று தெரியாது. அடகுக்கடைக்காரர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் போட்டோவும் நகை எடையும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தரவு வைத்திருப்பவர் தலையில்தான் கட்டுகிறது. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிவிடலாம்.

ரான்சம்வேர் எல்லாம் நம்ம ஊர் கடைக்கு வருமா?

ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்தானே, வரும். உங்களைத் தேடி வராது, நீங்களே கூட்டிவருவீர்கள். காசு கொடுத்து வாங்காமல் "கிராக்" போட்டு இறக்கிய மென்பொருள்களோடு வருவதுதான் ஸ்டாப் எனப்படும் வகை. சின்னக் கடைகளையும் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் அதிகம் தாக்குவது இந்த மாதிரிதான். காலையில் திறந்தால் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத நாலெழுத்து வால் முளைத்திருக்கும், பக்கத்தில் டாலர் கேட்டு ஒரு கடிதம். விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பிரதிகளையும் அது முதலிலேயே அழித்துவிடும். செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் விடாது.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ், உலகின் மிகப்பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்க முடக்கியது. அவர்களுடைய நெட்வொர்க்கின் ஆதாரமான சர்வர்களில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட். அதை வைத்துத்தான் மீதியைத் திரும்பக் கட்டினார்கள். கரண்ட் கட்டால் ஒரு நல்லது நடந்தது என்று நான் கேள்விப்பட்ட ஒரே சம்பவம் இது. நமக்கு அதில் உள்ள விஷயம் இவ்வளவுதான்: இணைப்பில் இல்லாத பிரதி பிழைத்துக்கொண்டது.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், பணம் கட்டாதீர்கள், 1930க்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழித்துவிடாமல் ஒரு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் நடத்தும் நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவச சாவி கிடைக்கிறது, சில பிறகு வருகின்றன.

எடுத்த பேக்கப் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திறந்து பார்த்தால்தான் தெரியும். யாரும் பார்ப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. தொழிலே கம்ப்யூட்டர் என்று இருப்பவர்கள் அவர்கள்.

செய்யவேண்டியது: வேறு ஒரு கம்ப்யூட்டரில், அல்லது இதிலேயே வேறு ஒரு காலி ஃபோல்டரில், பேக்கப்பை ரீஸ்டோர் செய்யுங்கள், அதாவது திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஃபோல்டர் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. இப்போது ஓடும் கம்பெனி இருக்கும் அதே ஃபோல்டரில் பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழையது ஏறிவிடும். ரீஸ்டோர் ஆனதும் மூன்று விஷயம் பாருங்கள்: நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா, ரொக்கக் கையிருப்பு ஒத்துப்போகிறதா, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியாக இருக்கிறதா. மூன்றும் சரியென்றால் பேக்கப் நல்ல பேக்கப்.

இதற்கு ஆயுதபூஜையைவிட நல்ல நாள் இல்லை. அன்றுதான் கடை முழுக்கச் சுத்தம் செய்கிறோம், கம்ப்யூட்டரையும் துடைக்கிறோம், அடைமழைக்கும் இன்னும் நாள் இருக்கும். பூஜைக்கு முந்தின நாள் ரீஸ்டோர் செய்து பார்த்துவிட்டு மறுநாள் பொட்டு வையுங்கள். மானிட்டர் ஓரத்தில் வையுங்கள். சிபியு ஃபேன் ஓட்டைக்கு மேல் விபூதி, குங்குமம் தூவாதீர்கள், வருஷா வருஷம் அதைப் பிரஷ் போட்டு எடுப்பது நான்தான்.

பாஸ்வேர்டை மறந்துவிட்டால் கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

டேலியில் கணக்கையே பூட்டிவைக்கும் வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் முடியாது. டேலிக்காரர்களாலேயே திறக்க முடியாது, அதற்காகத்தான் அந்த வசதியே. ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, கடைப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். கணக்கு எழுதுபவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு, அவர் வேலையை விட்டுப்போகும் நாளில்தான் பிரச்சினையாகும்.

எத்தனை வருஷக் கணக்கு வைத்திருக்கணும்?

ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2024–25 கணக்குக்கு ரிட்டர்ன் தேதி 2025 டிசம்பர் 31 என்று வைத்தால், 2031 டிசம்பர் 31 வரை. வழக்கு, அப்பீல் இருந்தால் இன்னும் நீளும். மின்னணுக் கணக்கு வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 நேராகவே சொல்கிறது. "வெள்ளத்தில் போச்சு சார்" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ரைஸ்மில்லைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருந்தால் எட்டு நிதியாண்டு. 2022 ஆகஸ்டிலிருந்து தினசரி பேக்கப்பும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். மேலே சிங்கப்பூர் என்று சொன்னேனே, கம்பெனிகளுக்கு அது மட்டும் போதாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்கள்?

அமைப்புகளில் சாட் பேக்கப்பைத் தினசரிக்கு மாற்றுங்கள். பணம் சம்பந்தப்பட்டதை அன்றன்றே கணக்கில் ஏற்றுங்கள். வேறு மந்திரம் இல்லை.

தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர் நனைந்துவிட்டது, பேக்கப்பும் இல்லை. என்ன செய்ய?

ஆன் செய்யாதீர்கள். "வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவதுதான் பல டிஸ்க்குகளைக் கொல்கிறது. வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர், அரிசி மூட்டைக்குள் புதைப்பது எதுவும் வேண்டாம். வெள்ளத்துத் தண்ணீர் வண்டலும் உப்பும் கலந்தது, காய்ந்தால் அது ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றுங்கள். ஈரம் காயாமல் ஈரத் துணியோடு ஜிப் கவரில் போட்டு மூடி, சென்னையிலோ பெங்களூரிலோ டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்யும் லேபுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்புங்கள். டிஸ்க்கைத் திறப்பதற்கு முன்பே, கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.